தமனியில் ஊசி இல்லை, சரி. கணக்கு எங்கிருந்து வருகிறது?

மூளை ரத்த ஓட்டத்தை ஸ்பெக்ட் ஸ்கேனில் அளக்கும் கட்டுரைகளின் தலைப்பில் 'நான்-இன்வேசிவ்' என்ற சொல் அடிக்கடி வரும். உடலைத் துளைக்காத முறை என்று அர்த்தம். ஆனால் கையில் ஊசி போட்டு கதிரியக்க மருந்தை ஏற்றத்தான் செய்கிறார்கள். அப்புறம் எது துளைக்காதது? தமனியில் குத்தி ரத்தம் எடுப்பதில்லை, அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயம் இல்லை. தமனி ஊசி நல்லா வலிக்கும், நோயே இல்லாத ஒருவரிடம் ஆராய்ச்சிக்காக அதைக் கேட்பது கஷ்டம். என் கேள்வி வேறு: தமனி ரத்தம் சொல்லிக்கொண்டிருந்த தகவலை இப்போது யார் சொல்கிறார்கள்?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் 1940-களில் செய்ததைப் பாருங்க. ஆட்களை 10 நிமிடம் நைட்ரஸ் ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். தமனியிலும், மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் கழுத்துச் சிரையிலும் ரத்தம் எடுத்து, இரண்டிலும் வாயு எவ்வளவு என்று பார்த்தார்கள். 1948-இல் ஆரோக்கியமான இளைஞர்களிடம் அவர்களுக்குக் கிடைத்த சராசரி, 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 54 மில்லிலிட்டர். பாடப்புத்தகங்களில் இன்றும் இந்த எண் 50-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. முரட்டுத்தனமான சோதனைதான், மூளை முழுவதற்கும் ஒரே எண்தான் கிடைக்கும். ஆனால் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற இரண்டும் கையில் இருந்தன.

அடுத்து செனான்-133 வாயு. 1960-களின் பிற்பகுதியில் வால்டர் ஓப்ரிஸ்ட் அதைச் சுவாசிக்கக் கொடுத்து, தலையைச் சுற்றி வைத்த கருவிகளால் கதிர்களை எண்ணினார். தமனி ரத்தத்துக்குப் பதிலாக மூச்சு விடும்போது கடைசியாக வரும் காற்றில் உள்ள செனானை எடுத்துக்கொண்டார். நுரையீரல் நன்றாக இருந்தால் இந்த மாற்று ஒத்துப்போகும். நுரையீரல் நோயாளியிடம் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

டெக்னீசியம்-99எம் முறையில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. எச்எம்பிஏஓ என்ற மருந்து மூளைக்குள் நுழைந்து, வேதிமாற்றம் அடைந்து, அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஓட்டம் அதிகமாக உள்ள இடத்தில் கொஞ்சம் சிக்காமல் திரும்பிவிடுவதால், அதற்கு நீல்ஸ் லாசன் சொன்ன திருத்தம் போட வேண்டும். ஜப்பானில் ஹிரோஷி மட்சுதா குழு 1992-இல் ஒரு புத்திசாலித்தனமான வழி சொன்னது. மருந்து பாயும் அந்த முதல் சில நிமிடங்களில் தலையையும் மார்பிலுள்ள பெருந்தமனி வளைவையும் ஒரே காமிராவில் பிடி. வளைவில் தெரியும் எண்ணிக்கைதான் மூளைக்கு 'உள்ளே போனது'. பட்லாக் வரைபடம் போட்டால் ஒரு குறியீட்டெண் கிடைக்கும். ரத்தமே எடுக்க வேண்டாம்.

எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தக் குறியீட்டெண் மில்லிலிட்டர் இல்லை. அதை மில்லிலிட்டர் ஆக்க, செனான் முறையில் அளந்த எண்களோடு ஒப்பிட்டு ஒரு நேர்கோடு போட்டார்கள். ஆக, டெக்னீசியம் செனான்மேல் சாய்கிறது, செனான் மூச்சுக்காற்றின்மேல் சாய்கிறது. இந்த வகை நேர்கோடு பூஜ்யத்தில் தொடங்காதபோது சிக்கல் வருகிறது. கணக்குக்காக, குறியீட்டெண்ணை 2-ஆல் பெருக்கி 20 கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டெண் 10 என்றால் ஓட்டம் 40; 20 என்றால் 60. குறியீட்டெண் இரட்டிப்பானாலும் தாளில் ஏறியது பாதிதான். குறியீட்டெண் பூஜ்யம் ஆனாலும் தாளில் 20 மில்லிலிட்டர் ஓடும்! கோடு போட்ட எல்லைக்குள் இது தவறில்லை. எல்லைக்கு வெளியே இருப்பவர் யார்? அடைப்பு உள்ள நோயாளி.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இதயம் சீராக அடித்து மருந்து ஒரே வீச்சில் பெருந்தமனிக்கு வருவது, நுரையீரல் ஒழுங்காக இருப்பது என்று, ஊசியை நீக்க வைத்த அனுமானங்கள் எல்லாம் ஆரோக்கியமானவரிடம்தான் நன்றாகப் பொருந்தும். ஆரோக்கியமானவர்களிடம் அழகாக வந்த எண்ணைக் காட்டி முறை நிரூபணமாகிவிட்டது என்று சொன்னால், சுலபமான பரீட்சையில் மட்டும் பாஸ் ஆன மாதிரி. ஒரே ஸ்கேனில் இடது மூளைக்கும் வலது மூளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் தயங்காமல் நம்புவேன். தசமப் புள்ளியோடு வரும் மில்லிலிட்டரை அல்ல.

'இயல்பு அளவு' அட்டவணைகளிலும் இதே தாராளம் உண்டு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 1 மில்லிமீட்டர் மாறினாலே ஓட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் மாறும். இரண்டு பெரிய கப் காபி அதை 20 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடும். (நம்ம ஊர் டிகாக்‌ஷனை யாரும் அளந்திருக்கிறார்களா தெரியவில்லை.) கதிர்வீச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எச்எம்பிஏஓ 740 மெகாபெக்கரல் ஏற்றினால் உடலுக்குச் சுமார் 7 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையாக வரும் உலக சராசரிக் கதிர்வீச்சில் கிட்டத்தட்ட 3 வருடப் பங்கு. நோயே இல்லாமல் வந்து படுத்தவருக்கு இதில் மருத்துவப் பயன் எதுவும் கிடையாது.

அதனால் இப்படி ஒரு கட்டுரை கையில் கிடைத்தால் நான் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போய் மூன்றைத் தேடுவேன்: கார்பன் டை ஆக்சைடு அளந்தார்களா, காலையில் காபி குடித்து வந்தார்களா, அந்த நேர்கோடு யாருடைய மூளைகளை வைத்துப் போட்டது.