மதிப்பு விகுதியும் மொழிபெயர்ப்பும்: லெஸ்ஸிங் கதையும் மும்பைத் தமிழும்

டோரிஸ் லெஸ்ஸிங்கின் முதல் சிறுகதைத் தொகுப்பு 1951இல் வெளிவந்தது. அதிலுள்ள 'தி ஓல்ட் சீஃப் ம்ஷ்லாங்கா' என்னும் கதையின் களம் தென் ரொடீசியா. வெள்ளையர் பண்ணையில் வளரும் சிறுமி கறுப்பின மக்களை இழிவாக நோக்கவே பழகியவள். பதினான்கு வயதளவில் வழியில் எதிர்ப்படும் முதிய இனத்தலைவரால் அப்பார்வை தளரத் தொடங்குகிறது. படர்க்கையில் தொடங்கும் கதை இச்சந்திப்பையொட்டித் தன்மைக்கு மாறுகிறது. தமிழாக்கத்தில் இம்மாற்றம் இடர் தருவதன்று. 'வந்தாள்', 'வந்தேன்' என வினைமுற்றே அதனைக் காட்டிவிடும்.

இடர் மதிப்பு விகுதியில் உள்ளது. ஆங்கிலப் படர்க்கை ஒருமை உயர்வு தாழ்வு குறிப்பதில்லை. தமிழோ 'வந்தான்', 'வந்தார்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும். கதை முழுவதும் ஆப்பிரிக்கரை 'அவர்' என எழுதும் மொழிபெயர்ப்பாளர் நல்லெண்ணம் உடையவரே. ஆயின் சிறுமி கடக்கவேண்டிய தொலைவை அவர் முதற்பக்கத்திலேயே கடந்துவிடுகிறார்.

அத்தொலைவின் இயல்பை அறிய மும்பைத் தமிழரின் பேச்சு வழக்கு துணைசெய்யும். 'பாயி' என்னும் மராத்திச் சொல் மகளிர் பெயரின் ஈற்றில் மதிப்புக் குறித்து வருவது. பின்னர் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் பெயராயிற்று. மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ் வீடுகளில் 'பாயி வந்தாளா?' என்பது இயல்பான வினா. பெயர்ச்சொல்லில் மதிப்பு, விகுதியில் இழிவு. தாராவியிலிருந்து வருபவர் பாட்டி வயதினராயினும் குழந்தை 'வந்தாள்' என்றே சொல்லப் பழகுகிறது. இதனை எவரும் அமர்ந்து கற்பிப்பதில்லை. 'ஆப்' அருகி வழங்கும் பம்பாய் இந்தியிலோ அக்குழந்தை பெரியவர் பலரையும் 'தும்' என ஒரே தரத்தில் விளிக்கிறது. தமிழுக்குத் திரும்பியதும் தரவரிசையும் திரும்பிவிடுகிறது. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியரை எதிர்த்த காலத்தில் 'மதராஸி' என்னும் வசை மாட்டுங்காவையும் தாராவியையும் வேறுபடுத்தவில்லை. அவ்வடி பட்ட பின்னும் வீட்டினுள் விகுதி மாறவில்லை என்பது எண்ணத்தக்கது.

ஆகவே கதையின் முற்பகுதியில் ஆப்பிரிக்க ஆடவர் 'ஆன்' விகுதி பெற்று வருதலே பொருந்தும்; தலைவரைக் காணுமிடத்தில்தான் 'ஆர்' தோன்றவேண்டும். சமையற்காரர் அத்தலைவரின் மகன் எனத் தெரிந்தபின் அவருக்கு எவ்விகுதி என்பது கடினமான வினா. சிறுமி முற்றிலும் மாறியவள் அல்லள். தலைவரின் ஊருக்குத் தனியே சென்றும் பேசச் சொல்லின்றித் திரும்புகிறாள். அவ்வூர் மக்கள் பின்னர் அங்கிருந்து பெயர்த்தகற்றப்படுகின்றனர். எனவே சமையற்காரரை 'ஆன்' விகுதியிலேயே விடுவது மூலத்திற்கு நெருக்கமானது. அதனைப் பிழையெனத் திருத்த முற்படும் பதிப்பாசிரியரிடம் மொழிபெயர்ப்பாளர் வாதாடவேண்டியிருக்கும்.