பச்சிலைச் சாறும் புது ரத்தக் குழாயும்

செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் தோப்பு வரப்புகளில் வெட்டுக்காயப்பூண்டு தரையோடு படர்ந்து கிடக்கும். நடுவில் மஞ்சள், சுற்றிலும் நுனி மூன்றாகப் பிளந்த வெளிறிய இதழ்கள், சொரசொரப்பான இலை. அரிவாள் பட்ட விரலில் அந்த இலையைக் கசக்கிப் பிழிந்தால் சுரீரென்று எரியும். சற்று நேரத்தில் ரத்தம் நின்றுவிடும். இந்த அனுபவத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அது புது ரத்தக் குழாய்களை வளர்க்கும், சர்க்கரைப் புண்ணையும் ஆற்றும் என்று கூடவே சேர்த்துச் சொல்கிறார்களே, அதைத்தான் எடைபோட வேண்டும்.

தொன்றுதொட்டு வந்த மருந்து என்ற வாதம் இங்கே எடுபடாது. இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். ஸ்டீராய்டு கொடுத்துப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்திய எலிகளில் இந்திய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மேல்தோல் மூடுவதும் தழும்பின் உறுதியும் மீண்டன. ஆனால் நுண்குழாய்கள் துளிர்க்கும் செந்நிறச் சதை வளர்ச்சியில் மாற்றமில்லை. குழாய் வளரும் என்ற கூற்று அந்தச் சோதனையில் நிற்கவில்லை.

வல்லாரையின் கதை வலுவானது. அதிலுள்ள ஏசியாட்டிகோசைடு என்ற சத்தை 0.2 சதவீதக் கரைசலாகக் கினிப்பன்றிகளின் புண்ணில் இட்டபோது, ஆறிய தோலின் இழுவலிமை 57 சதவீதம் கூடியது. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் 1999-இல் வெளியிட்ட முடிவு இது. ஆனால் அது சுத்திகரித்து அளந்த மருந்து. ஓடைக்கரையில் பறித்த ஒரு பிடி இலையில் அது எவ்வளவு இருக்கும் என்று யாரும் அளப்பதில்லை. மனிதர்களிடம் வரும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. சர்க்கரை நோயாளிகள் 200 பேரைச் சேர்த்து நடத்தி, 2010-இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் வல்லாரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புண் நன்றாகச் சுருங்கியது. செந்நிறச் சதையோ வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே நன்றாக வளர்ந்தது.

குழாய் வளர்வது எங்கும் நன்மையும் அல்ல. புற்றுக்கட்டி புதுக் குழாய்களை வளர்த்தே பெருக்கிறது என்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜூடா ஃபோக்மன் 1971-இலேயே வாதிட்டார். ஒரே சர்க்கரை நோயாளிக்குக் காலில் ரத்தம் போதாது. விழித்திரையிலோ வேண்டாத குழாய் முளைத்துப் பார்வையைக் கெடுக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: கழுவிய சிறு கீறலுக்கு வெட்டுக்காயப்பூண்டு போதும். மண்பட்ட ஆழமான வெட்டுக்கு டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். மரத்துப்போன சர்க்கரைக் காலில் எந்த இலையையும் வைத்துக் கட்டக் கூடாது. அழுகிய சதையை அகற்றி, ரத்த ஓட்டத்தைப் பார்த்து, பாதத்தில் பாரம் விழாமல் காப்பதுதான் சிகிச்சை. வல்லாரையின் சத்தை அளவிட்ட களிம்பாக்கி நம் மருத்துவக் கல்லூரிகளில் முறையாகச் சோதிக்கலாம். அந்த அளவுக்கு அதற்குத் தகுதி இருக்கிறது.