கடந்தகாலம் யார் காணி?

அகழ்வாய்வு பற்றிய விஞ்ஞானக் கதைகளை நம் தீவிர இலக்கியவாதிகள் படிப்பதில்லை. புதைந்த நகரம், புரியாத எழுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு திடுக்கிடல்; பஸ்ஸில் படித்துவிட்டு ஸீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம் என்பது பொது அபிப்பிராயம். இருக்கட்டும். ஆனால் வரலாற்றை எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, 'ஆதாரம்' எது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்றெல்லாம் நாம் கோட்பாட்டு மொழியில் திணறிக்கொண்டிருக்கும் கேள்விகளை இந்தக் கதைகள் நேரடியாகக் கேட்டுவிடுகின்றன. மூன்று பிரதிகளை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவதோடுதான் எனக்குச் சண்டை.

எச். பீம் பைப்பரின் 'ஆம்னிலிங்குவல்' 1957இல் வந்தது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன செவ்வாய் நாகரிகத்தின் நகரமொன்றை மனிதர்கள் தோண்டுகிறார்கள். இருமொழிக் கல்வெட்டு கிடைக்க வழியே இல்லை. அந்த எழுத்தைப் படிக்க முடியாது என்று மற்றவர்கள் கைவிரித்தபோது, மார்த்தா டேன் என்ற ஆய்வாளர் பல்கலைக்கழகச் சுவரொன்றில் தனிம அட்டவணையை அடையாளம் காண்கிறார். ஹைட்ரஜன் எங்கேயும் ஹைட்ரஜன்தானே! அழகான கதைதான். இந்த அழகு எதனால் சாத்தியமாகிறது என்று பாருங்கள்: செவ்வாயில் வாரிசு ஒருத்தரும் இல்லை. 'எங்க பாட்டன் எலும்பை எங்கய்யா தூக்கிட்டுப் போறே' என்று கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அறிவு இவ்வளவு பரிசுத்தமாக இருக்க முடிகிறது.

ஐசக் அசிமோவின் 'தி டெட் பாஸ்ட்' (1956) இன்னும் சிக்கலானது. கடந்தகாலத்தைக் காட்டும் கருவி அரசின் கையில். கார்த்தேஜ் மக்கள் குழந்தைகளைப் பலியிட்டார்கள் என்பது எதிரிகள் கட்டிய கதை என நிரூபிக்க விரும்பும் வரலாற்றுப் பேராசிரியருக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. ஒரு இளம் இயற்பியலாளர் திருட்டுத்தனமாக மலிவான கருவியொன்றைச் செய்கிறார். அப்புறம்தான் தெரிகிறது, அதனால் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு அப்பால் பார்க்கவே முடியாது. ஆனால் ஒரு நொடிக்கு முந்தைய பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். தோற்றவன் பற்றி ஜெயித்தவன் எழுதியது பொய்யா என்று தொடங்கிய கதை, அரசு ரகசியம் காத்தது நம் நன்மைக்கே என்பதில் போய் முடிகிறது. அதிகாரத்தை எதிர்த்தவர்களே கடைசியில் முட்டாள்கள்! பெரிய எழுத்தாளர்தான், ஆனாலும் இந்த இடத்தில் மனுஷன் அரசாங்க குமாஸ்தா மாதிரி பேசுகிறார்.

இனி கென் லியூ. 'தி மேன் ஹூ எண்டட் ஹிஸ்டரி' 2011இல் வெளியான குறுநாவல். ஆவணப்படத்தின் வடிவத்தில், நேர்காணல்களும் விசாரணைச் சாட்சியங்களுமாக எழுதப்பட்டது. களம், ஹார்பின் நகரத்துக்கு அருகிலுள்ள பிங்ஃபாங்; ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவு உயிரோடிருந்த மனிதர்கள்மேல் கிருமிச் சோதனை நடத்திய இடம். மரக்கட்டை ஆலை என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். கைதிகளைக் 'கட்டைகள்' என்றே அழைத்தார்கள். சீனர்கள், ரஷ்யர்கள், கொரியர்கள், மங்கோலியர்கள். 1945 ஆகஸ்டில் சோவியத் படை நெருங்கியபோது மிச்சமிருந்த கைதிகளைக் கொன்றுவிட்டுக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆய்வுத் தரவுகளை வாங்கிக்கொண்டு, பிரிவின் தலைவர் இஷி ஷிரோ உள்ளிட்டவர்களை அமெரிக்கா விசாரணையிலிருந்து காப்பாற்றிற்று. 1949 டிசம்பரில் சோவியத் நாடு கபரோவ்ஸ்கில் 12 பேரை விசாரித்துத் தண்டித்தபோது, பிரச்சாரம் என்று மேற்கு அதைத் தள்ளிவிட்டது.

கதையில் இவான் வெய் என்ற சீன அமெரிக்க வரலாற்றாசிரியரும், அவருடைய மனைவியும் இயற்பியலாளருமான அகெமி கிரினோவும் இறந்தகாலத்தைக் காணும் வழியொன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு நிபந்தனை: ஒரு கணத்தை ஒரே ஒருவர் ஒரே ஒருமுறைதான் பார்க்கலாம். பார்த்த மாத்திரத்தில் அது அழிந்துவிடும். இது வெறும் கற்பனை உத்தி இல்லை. அகழ்வாய்வுக் குழியில் நின்றவர்களுக்கு இது தெரியும். ஓர் அடுக்கைத் தோண்டி எடுத்தால் அந்த அடுக்கு போயே போயிற்று. அப்புறம் மிஞ்சுவது தோண்டியவரின் குறிப்பேடும் வரைபடமும்தான். லியூ அந்தத் தொழில் உண்மையை எடுத்து அரசியலாக்குகிறார். ஒரே ஒரு பார்வைதான் உண்டென்றால் யாரை அனுப்புவது? நிபுணர்களை இல்லை, கொல்லப்பட்டவர்களின் உறவினர்களை அனுப்புகிறார் வெய். போன பெண்ணொருத்தி தன் குடும்பத்தவளின் சாவைப் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொல்கிறாள். வரலாற்றாசிரியர்கள் கொதிக்கிறார்கள்: ஆதாரத்தை நீயே அழிக்கிறாய், உணர்ச்சிவசப்பட்ட சாட்சியை யார் ஏற்பது? அன்றைய மஞ்சூரியாவின் கடந்தகாலத்துக்கு இன்றைய சீனா சொந்தக்காரனா, ஜப்பானா என்று இரண்டு அரசுகளும் மல்லுக்கு நிற்கின்றன. வெய் தற்கொலை செய்துகொள்கிறார்.

'ஆதாரம் போதாது' என்பது அறிவின் குரல் அல்ல, அதிகாரத்தின் குரல் என்பதை இந்தப் பிரதி அளவுக்குத் தெளிவாகக் காட்டிய புனைவு எனக்குத் தெரியாது. நிஜத்தில் நடந்ததும் அதுதான். பாடநூலாசிரியர் இயெனாகா சபுரோ 731ஆம் பிரிவு பற்றி எழுதியதை, போதிய ஆய்வுகள் இன்னும் வரவில்லை என்று சொல்லி ஜப்பானியக் கல்வி அமைச்சகம் நீக்கச் சொன்னது. 1965இல் தொடங்கிய அவருடைய வழக்குகள் 32 ஆண்டுகள் நடந்தன. அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்னது. 2002இல் இன்னொரு வழக்கில், கிருமிப்போர் நடந்தது உண்மை என்று டோக்கியோ நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்த 180 சீனர்களுக்கு நஷ்டஈடு மட்டும் கிடையாது என்றது. ஆதாரம் கிடைத்தாயிற்று. அப்புறம்?

என் சண்டை வேறு. சாட்சி சொல்லும் உரிமையை லியூ ரத்த உறவின் கையில் கொடுத்துவிடுகிறார். குடும்பமே பூண்டோடு போனவர்களுக்காக யார் போவது? பெயரே பதிவாகாத 'கட்டை'க்கு மருமகள் எங்கிருந்து வருவாள்? உறவு, இனம், தேசம் என்று இந்த நூல் நீண்டுகொண்டே போகும். கடைசியில் இறந்தவர்களுக்குச் சொந்தம் கொண்டாட அரசுதான் வந்து நிற்கும். கதையிலேயே அதுதான் நடக்கிறது. ஆசிரியர் அதை வேறெங்கிருந்தோ வந்த விபத்துபோல எழுதுகிறார். அவருடைய தர்க்கத்துக்குள்ளேயே இருந்த வித்துதான் அது.

இன்னொரு வழி இருந்தது. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் தோயாமா என்ற இடத்தில், ராணுவ மருத்துவப் பள்ளி முன்பிருந்த மனையில், 1989 ஜூலையில் கட்டுமான வேலைக்குத் தோண்டியபோது நூறு பேருக்குக் குறையாதவர்களின் எலும்புகள் வந்தன. மண்டையோடுகளில் அறுத்த, துளையிட்ட தடயங்கள். இஷி வேலை பார்த்த பள்ளி அது. எரித்து அடக்கம் செய்துவிடலாம் என்றது உள்ளூர் நிர்வாகம். தடுத்தவர்கள் உறவினர்கள் அல்லர். இறந்தவர்கள் எந்த நாட்டவர் என்றுகூடத் தெரியாத அந்த ஊர் ஜப்பானியக் குடிமக்கள். கூட்டம் போட்டார்கள், வழக்குக்குப் போனார்கள். அங்கே வேலை செய்த செவிலியர் ஒருவர் தன் முதுமையில், 2006இல், 1945இல் எலும்புகளைப் புதைக்கச் சொன்னார்கள் என்று சாட்சி சொன்னார். 2011 பிப்ரவரியில் அரசே வந்து தோண்ட வேண்டியதாயிற்று. லியூவின் கதை வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.