அரைத்துச் செய்த உலோகம்

இரும்புத்தூளையும் அலுமினியத்தூளையும் கலந்து, அச்சில் அழுத்தி, உலையில் வைத்தால் இரும்பு அலுமினைடு கிடைக்கும். ஆனால் கட்டி வீங்கிவிடும். 660 டிகிரி செல்சியஸில் உருகும் அலுமினியம் இரும்புக்குள் விரைந்து ஊடுருவ, அது இருந்த இடமெல்லாம் துளைகளாக நின்றுவிடுகிறது.

இதற்கான மாற்றுவழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1960களில் ஜான் பெஞ்சமின் நிக்கல் கலவைகளுக்காக உருவாக்கிய முறை அது. எஃகுக் குண்டுகள் நிறைந்த உருளையில், ஆர்கான் வாயுவுக்குள், தூளை மணிக்கணக்கில் அரைப்பார்கள். துகள் நசுங்கும், ஒட்டும், உடையும், மறுபடி ஒட்டும். பாதி அரைத்த துகளை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள்: இரண்டு உலோகமும் பரோட்டா போல அடுக்கடுக்காகத் தெரியும். இன்னும் அரைத்தால் அடுக்கே மறைந்துவிடும். அலுமினா போன்ற பீங்கான் துகள் சேர்த்திருந்தால் அதுவும் சீராகப் பரவும். பிறகு உருக்காமலே, அழுத்தமும் மின்துடிப்பும் கொடுத்துச் சில நிமிடங்களில் இறுக்கிவிடலாம். உள்ளிருக்கும் நுண்படிகங்கள் வளர நேரமில்லை. அதனால் கடினத்தன்மை பெரிதும் நிலைக்கிறது.

இரும்பு அலுமினைடு எஃகைவிட எடை குறைவு. சூட்டில் தானே அலுமினாப் படலம் போர்த்திக்கொள்ளும், கந்தகப் புகையையும் தாங்கும். அறை வெப்பநிலையில் மட்டும், காற்றின் ஈரத்தோடு அலுமினியம் வினைபுரிந்து வெளிவிடும் ஹைட்ரஜன் இதை நொறுங்கவைக்கிறது. அந்தக் குறையோடும் சொல்கிறேன்: மலிவான இரண்டு உலோகங்களில் பிறந்த இதற்கு உலைக்கூடங்களில் இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.