துணுக்கும் ஒரு சொல்லுருபும்

‘மோகமுள் நாவலுக்காக 1979ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் தி. ஜானகிராமன்.’ இப்படி ஒரு துணுக்கு அச்சுக்கு வந்தால் பெரும்பாலோர் தயங்காமல் தலையாட்டிவிடுவார்கள். ஆசிரியர் சரி, ஆண்டு சரி, விருதும் சரி. பிழை ‘க்காக’ என்பதில் இருக்கிறது. அகாதெமி அந்த ஆண்டு தேர்ந்த நூல் ‘சக்தி வைத்தியம்’. அது சிறுகதைத் தொகுப்பு.

இந்தப் பிழை கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் முதற்பதிப்பு கண்ட நூல்களைத்தான் அகாதெமி பரிசீலிக்கும். 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்த ‘மோகமுள்’, எழுபதுகளின் இறுதியில் அந்த வரம்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. வாசகர் மனத்திலோ கும்பகோணமும் பாபுவும் யமுனாவும்தான் ஜானகிராமன். பிறகு ஞான ராஜசேகரன் இயக்கிய படமும் வந்து தேசிய விருது பெற்றது. புகழ்பெற்ற நாவலையும் பெரிய விருதையும் நினைவு தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது.

தமிழ் விருதுப் பட்டியலை ஆண்டுவாரியாகப் படித்தால் இந்த விலகல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நாவலாசிரியராக நாம் கொண்டாடும் பலருக்கு விருது வந்தது வேறு வகை நூலுக்கு. நெசவாளர் வாழ்வைச் சொன்ன ‘பஞ்சும் பசியும்’ நாவலை எழுதிய தொ.மு.சி. ரகுநாதனுக்கு 1983இல் ‘பாரதி: காலமும் கருத்தும்’ என்ற ஆய்வு நூல். ‘அபிதா’ தந்த லா.ச.ரா.வுக்கு 1989இல் தன்வரலாற்றுச் சாயலுள்ள ‘சிந்தாநதி’. ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ எழுதிய அசோகமித்திரனுக்கு 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’. ‘கிருஷ்ணப் பருந்து’ எழுதிய ஆ. மாதவனுக்கு 2015இல் ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூல்.

கி. ராஜநாராயணன் விஷயம் இன்னும் நுட்பமானது. அவருக்கு 1991இல் விருது தந்தது நாவல்தான். ஆனால் பலரும் சொல்லும் ‘கோபல்ல கிராமம்’ அல்ல, அதே ஊரின் கதையை விடுதலைப் போராட்டக் காலத்துக்குக் கொண்டுவரும் ‘கோபல்லபுரத்து மக்கள்’. பெயர்கள் ஒட்டிப் பிறந்தவைபோல இருப்பதால் சரிபார்ப்பவரின் கண்ணும் எளிதில் வழுக்கிவிடுகிறது.

ஞானபீடத்தில் சிக்கல் வேறு மாதிரி. தொடக்கத்தில் ஒரு தனி நூலை முன்வைத்து வழங்கப்பட்ட அந்த விருது, 1982 முதல் எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்புக்கு என்று மாறியது. ஆகவே ‘சித்திரப்பாவை’க்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீடத்தை அகிலன் பெற்றார் என்று எழுதலாம். ஜெயகாந்தனுக்கு அப்படி எழுதக் கூடாது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அவருக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருதைத் தந்த நாவல். ஞானபீடம் அவருடைய வாழ்நாள் எழுத்துக்கு. அது 2002ஆம் ஆண்டுக்கான விருது, அறிவிக்கப்பட்டது 2005இல். இரண்டு ஆண்டுகளில் எதைப் போட்டாலும் எது என்று சொல்லிவிட வேண்டும்.

‘முதல்’ என்ற சொல் வந்தால் எனக்குக் கூடுதல் எச்சரிக்கை வந்துவிடும். அகாதெமியின் முதல் தமிழ் விருது கல்கிக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. 1955இல் அதைப் பெற்றவர் ‘தமிழின்பம்’ எழுதிய ரா.பி. சேதுப்பிள்ளை. 1956இல் ‘அலை ஓசை’ தேர்வானபோது, விருது பெற்ற முதல் தமிழ் நாவல் என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. 1954 டிசம்பரிலேயே கல்கி காலமாகியிருந்தார். அவர் விருது ‘பெற்றார்’ என்று எழுதும்போது அந்த வினைமுற்று ஒரு பெரிய இழப்பை மூடி மறைக்கிறது. ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு 2001இல் விருது வந்தபோது சி.சு. செல்லப்பாவும் உயிருடன் இல்லை.

ஒரு துணுக்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ‘சக்தி வைத்தியம்’தான். தவறான துணுக்கைப் படித்தவர் ஏற்கெனவே அறிந்த ‘மோகமுள்’ளுக்கே திரும்பிப் போகிறார். நாவலாசிரியர் ஜானகிராமனின் நிழலில் நிற்கும் சிறுகதைக்காரர் அவர் கண்ணில் படாமலே போகிறார். எனக்கு அந்தச் சிறுகதைக்காரர் ஒரு மாற்றுக்கூடக் குறைந்தவரல்லர்.

துணுக்கை நீக்க வேண்டாம், இப்படித் திருத்தினால் போதும்: ‘மோகமுள், அம்மா வந்தாள் முதலிய நாவல்களால் புகழ்பெற்ற தி. ஜானகிராமனுக்கு 1979ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்தது, சக்தி வைத்தியம் என்ற சிறுகதைத் தொகுப்பு.’