கலிய நாயனார் புராணத்தில் கூலியும் தொண்டும்

பெரியபுராணத்து அடியார் வரலாறுகளுள் கலிய நாயனார் புராணம் அளவாற் சிறியது. திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகம் செய்து வாழ்ந்த செல்வர் ஒருவர், திருக்கோயிலுக்கு விளக்கிடும் தொண்டு பூண்டு, பொருள் முழுதும் இழந்து, இறுதியில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியை நிறைக்க மிடற்றை அரியப் புகுந்தார் என்பதும், இறைவர் அவர் கையைப் பற்றித் தடுத்து ஆட்கொண்டார் என்பதும் யாவரும் அறிந்தவை. இப்புராணத்தைப் பேசுவோர் பெரும்பாலும் அவ்விறுதிக் காட்சியிலேயே நின்றுவிடுகின்றனர். அதற்கு முற்பட்ட பகுதி, தொண்டின் உறுதியைக் காட்டவந்த முன்னுரை என்ற அளவிற் கொள்ளப்படுகிறது. அம்முற்பகுதியை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

முதற்கண் நூல் வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரைப் பெயரளவில் மட்டுமே குறித்தார். நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாட்டளவிற் சுருங்கக் கூறினார். செல்வர் கூலியாளாகி, கூலியாள் வேலையற்றவராகும் படிநிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்தவர் 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழாரே. தொண்டை நாட்டுக் குன்றத்தூரிற் பிறந்து, சோழர் அரசியலில் உயர்பதவி வகித்தவர் எனப் போற்றப்படும் அவர், அப்படிநிலைகளை அமைத்ததற்குக் காரணம் யாது?

இவ்வினாவிற்கு விடை காணச் சமூகவியல் நமக்குத் துணை புரிகின்றது. தனிமனிதன் தன் விருப்பம் என்று எண்ணிச் செய்யும் செயல்களையும், தனக்கு வெளியே நின்று தன்னை நெருக்கும் சமுதாய ஆற்றல்கள் உருவாக்குகின்றன என்பதை எமில் துர்க்கைம் 1895-இல் வெளியிட்ட தம் முறைநூலில் வற்புறுத்தினார். சி. ரைட் மில்ஸ் 1959-இல் வெளியிட்ட நூலில், ஒருவனது சொந்தத் துன்பத்தையும் பொதுச் சிக்கலையும் வேறு பிரித்துக் காட்டினார். 1,00,000 பேர் வாழும் நகரில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லையெனின், அவனுடைய இயல்பையும் திறமையையும் ஆராயலாம். 5 கோடித் தொழிலாளருள் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லையெனின், குறையைத் தனிமனிதரிடம் தேடுதல் பொருந்தாது. வாய்ப்புகளின் அமைப்பே குலைந்துள்ளது என்பது அவர் கருத்து. நாள்தோறும் நாம் காணும் வறுமை, கடன், குடும்பப் பூசல் ஆகியவற்றை விளங்கிக்கொள்ள இப்பாகுபாடு பெரிதும் பயன்படும்.

இனிப் புராணத்திற்கு வருவோம். நாயனார் வாழ்ந்தது எண்ணெய் வாணிகர் குடியிருந்த சக்கரப்பாடித் தெரு. தொழிலும் குடியிருப்பும் உறவும் ஒன்றாகப் பின்னிய வாழ்வு அது. அவரது செல்வம் குன்றியது, தொண்டின் மெய்ம்மையைப் புலப்படுத்த விழைந்த திருவருளால் என்கிறார் சேக்கிழார். ஆயின் அதற்குப் பின்வரும் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் அவர் காட்டும் காரணங்கள் வேறு வகையின. முதலில் நாயனார் வளமுடைய தம் மரபினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதில் வரும் கூலியைக் கொண்டு விளக்கிடுகிறார். பின்னர் அவர்கள் எண்ணெய் கொடுக்க மறுக்கின்றனர். செல்வம் இருந்தவரை நின்ற நம்பிக்கை செல்வத்தோடு போயிற்று. அடுத்து அவர் செக்காடும் களத்தில் கூலியாளாகிறார். எள்ளை நிறைத்து, பதமறிந்து ஆட்டி, எருதையும் ஓட்டும் வேலைகளைக் கவிஞர் நுணுகிக் கூறுகிறார். முன்னாள் முதலாளிக்குத் தொழிலின் நுட்பம் தெரியும். ஆதலின் உடலுழைப்பே இப்போது அவருடைய முதல் ஆகின்றது.

அதன்பின் அக்கூலியும் நின்றுவிடுகிறது. ஏன்? நாயனார் நோயுற்றார் என்றோ, சோம்பினார் என்றோ, ஊழ் வந்து உறுத்தது என்றோ ஆசிரியர் கூறவில்லை. அத்தொழில் செய்வோர் பலராயினமையால் வேலை கிடைக்கவில்லை என்கிறார். இதுவே இப்புராணத்தின் நடுவிடம் என்பது என் கருத்து. சொந்தத் துன்பத்தின் பின்னே பொதுச் சிக்கல் நிற்பதை மில்சுக்கு எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே ஒரு பக்திக் காப்பியம் ஒரு சிறு தொடரால் உணர்த்திவிட்டது. அந்தப் பலர் யாவர்? அவர்களும் எங்கேனும் நிலமோ தொழிலோ இழந்து வந்தவர்களாதல் கூடும். காப்பியம் அவர்களைப் பற்றி மேலும் பேசவில்லை. திறனாய்வாளன் அவர்களை மறத்தலாகாது.

அடுத்த படி இன்னும் கடுமையானது. வீட்டை விற்ற பொருளும் தீர்ந்தபின், நாயனார் மனைவியாரை விற்க முயல்கிறார். வாங்குவார் எவரும் இலர். அம்மையாரின் பெயரை நாம் அறியோம். அவர் சொல் ஒன்றும் நம் செவிக்கு எட்டவில்லை. குங்குலியக்கலய நாயனார் புராணத்தில் மனைவியார் நெல் வாங்குமாறு தம் தாலியைத் தாமே எடுத்துக் கொடுக்கிறார். இயற்பகை நாயனார் புராணத்தில் மனைவியார் முதலில் கலங்கி, பின் தெளிந்து மறுமொழி கூறுகிறார். இங்கோ மனைக்கு அடுத்த விற்பனைப் பொருளாக மனைவி எண்ணப்படுகிறார். வறுமையின் சுமை இல்லத்திற்குள் எவர்மீது இறங்குகிறது என்ற வினாவைச் சமூகவியல் நோக்கின்றி நாம் எழுப்பியிருக்க மாட்டோம்.

இவ்வாறு நோக்குதல் பக்தியைப் பொருளியலாகச் சுருக்குவதன்றோ என்று சிலர் வினவலாம். அன்று என்க. கூலி ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சமூகவியல் விளக்கும். நாயனார் கருவியைக் கையில் எடுத்தது ஏன் என்பதை அது முற்றும் விளக்காது. வேலையற்ற பலருள் ஒருவரே அதனைச் செய்தார். எனினும், வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட்டமையை உணர்ந்தாலன்றி, இறுதியில் அவர் உடல் ஒன்றே எஞ்சியது என்பதன் கனத்தை உணர இயலாது. காரணங்களை அறிதல் தொண்டின் பெருமையைக் குறைப்பதில்லை. அதனை அளந்தறிய உதவுகின்றது. புராணத்தைப் போற்றி மட்டும் அமைவோரும், அதனை வெறும் சான்றாவணமாகக் கொள்வோரும் ஒருசேர இழப்பது இவ்வளவையே.

திருவொற்றியூர் இன்றும் கூலி வாழ்வின் ஊராகவே உள்ளது. 1856-இல் இராயபுரம் புகைவண்டி நிலையம் திறக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. எண்ணூர் வரை ஆலைகள் பரவின. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்வது. துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தமையால் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. வீடிழந்த மீனவர் அதனைக் கடலின் சீற்றம் என்றோ தம் தலைவிதி என்றோ கூறக்கூடும். அங்கும் ஒரு சொந்தத் துன்பத்தின் பின்னே மனிதர் எழுப்பிய சுவர் நிற்கிறது. அவ்வாறே, துறைமுக வாயிலில் வேலைக்கு மிகுதியான ஆட்கள் கூடி, அன்றாடம் சிலர் எடுக்கப்பட்டுப் பலர் திரும்பிய நிலையை ஒழுங்கு செய்யவே 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தல் சட்டம் இயற்றப்பட்டது. செக்குக்களத்தில் நாயனார் கண்ட நெருக்கடியைச் சட்டம் ஒரு பொதுச் சிக்கலாக ஏற்றுக்கொண்டது என்று இதனைக் கூறலாம். எனினும் ஒப்பந்தக் கூலி முறை இவ்வட்டாரத்தை விட்டு நீங்கியபாடில்லை.

இலக்கியத்தில் சமூகத்தைக் காண்போர் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. சேக்கிழார் காட்டும் கூலி நிலை கலியர் காலத்ததா, தம் காலத்ததா என்பதை உறுதிப்படுத்தக் கல்வெட்டுச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும். காப்பியச் செய்தியை வரலாறு என்று அப்படியே கொள்ளுதல் பிழையாகும். ஆயினும் ஒரு கவிஞன் துன்பத்திற்குக் காரணம் கூறும் முறையே அவன் காலச் சமுதாய அறிவிற்குச் சான்று. பட்டமேற்படிப்பு மாணவர் இப்புராணத்தை மீண்டும் ஒருமுறை படிப்பாராக. விளக்கு எரிந்தமையோடு, எண்ணெய் எவ்வாறு தீர்ந்தது என்பதையும் படிப்பாராக.