குமிழி நின்றால் போதுமா?

உப்பளத்து பம்பு ஓடியும் தண்ணீர் தள்ளவில்லையென்றால் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பார்கள். விவரம் தெரிந்தவர் குடத்து நீரை ஊற்றிக் காற்றை விரட்டுவதோடு நிற்கமாட்டார். உறிஞ்சுகுழாயில் காற்று நுழையும் இடத்தையும் தேடுவார். மரக்காணத்தின் உப்புப் பாத்திகளை ஒட்டிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சூடேறி நிற்கும் காருக்கும் இதே நோய் இருக்கலாம். ஆனால் அங்கே வைத்தியம் பாதியில் நின்றுவிடுகிறது.

ஹோஸோ வாட்டர் பம்போ மாற்றிக் கூலன்ட் ஊற்றும்போது, சிலிண்டர் ஹெட், ஹீட்டர் போன்ற மேடான இடங்களில் காற்று தங்கும். காற்று நீரைப்போல வெப்பத்தை வாங்கிச் செல்லாது. சென்சார் அந்தக் காற்றுக்குள் அகப்பட்டால் மீட்டர் முள் சாதுவாக நிற்கும். உள்ளே ஹெட் வளைந்துகொண்டிருக்கும்.

வழக்கமான முறை எளிது. ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிடுவது. 80–90 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறந்ததும் ‘குபுக்’கென்று மட்டம் இறங்கும், ஊற்ற வேண்டும். குமிழி நின்றதும் மூட வேண்டும். கருவி வேண்டாம், செலவில்லை, நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூடியே உச்சியில் இருக்கும் பழைய வண்டிகளுக்கு இது போதும்.

மூடி தாழ்வாக உள்ள வண்டிகளில் முன்பக்கத்தை உயர்த்தினால்தான் காற்று வெளியேறும். பாத்திபோலத் தட்டையான இந்த ஊரில் ஏற்றத்துக்கு எங்கே போவது? ஜாக்கியோ, காற்றை விடுவதற்கென்றே சில என்ஜின்களில் உள்ள திருகோதான் வழி. அடுத்தது, மூடியிருக்கும்போது உள்ளழுத்தத்தால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காத நீர், திறந்திருந்தால் 100-லேயே கொதிக்கும். அந்த ஆவிக்குமிழியும் காற்றாகவே தோன்றும். சூட்டில் திறந்தால் முகமே வெந்துவிடும். கடலோரத்துக் கரிப்பு நீரை ஊற்றினால் அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, காற்று எப்படி வந்தது என்று கேட்காததுதான். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு உள்ளே வந்துகொண்டே இருக்கும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீராது.

வெற்றிட முறை இங்கே ஒரு படி மேல். கம்ப்ரஸர் துணையோடு உள்காற்றை உறிஞ்சும்போது ஹோஸ்கள் சப்பிப்போகும். வால்வை மூடிவிட்டுக் கருவியின் முள்ளைப் பார்த்தால், வெற்றிடம் குறைவது கசிவைக் காட்டும். நிலைத்து நின்றால் அதே வெற்றிடம் கூலன்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் சாலையோரக் கடைக்குக் கருவிச் செலவு கூடுதல். அழுத்தத்திலும் சூட்டிலும் மட்டுமே வாய் திறக்கும் கசிவு இதற்கும் தப்பிவிடும். அதற்குப் பிரஷர் டெஸ்ட் வேண்டும்.

ஆகவே பாகம் மாற்றிய கையோடு செய்வதற்கு மூடி திறக்கும் முறையே போதுமானது. காரணமில்லாமல் மறுபடி ஏர் பிடித்தால் அதே முறை சிகிச்சையை ஒத்திப்போடுவதாகிவிடும். ஏர் எடுத்த மறுநாள் காலை, ஆறிய என்ஜினில் ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பாருங்கள். சற்று இறங்கியிருப்பது இயல்பு, நிரப்பிவிடலாம். மூன்றாம் நாளும் இறங்கினால், உப்பளத்துக்காரரைப் போல ஓட்டையைத் தேட வேண்டியதுதான்.